பக்கத்துக்கு 40 பைசா: பாடத் தொகுப்பு வழக்கில் மாணவர்கள் பெற்றதும் பெறாததும்

புது தில்லி: தில்லிப் பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்தில் கல்வியாண்டு தொடங்கும் நாள்களில் வகுப்பறைகளுக்கு அடுத்தபடியாக மாணவர் கூட்டம் மிகுதியாகக் காணப்படும் இடம் ஜெராக்ஸ் கடைகள்தாம். வளாகத்தை ஒட்டிய படேல் செஸ்ட் பகுதியின் சந்துகளில் வரலாறு, சமூகவியல், அரசியல், பொருளாதாரம், சட்டம், உயிரியல் என்று பாடத்துக்கு ஒரு கட்டாக நகல்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். மூத்த மாணவர்கள் எழுதிவைத்த வகுப்புக் குறிப்புகளும் அவற்றோடு கைமாறும்.

சொந்தமாகப் புத்தகம் வாங்க இயலாத மாணவனுக்கு இந்தக் கட்டுகளே நூலகம். ஒரு தாளுக்கு ஆசிரியர் பரிந்துரைக்கும் பட்டியலில் பல நூல்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஓரிரு அத்தியாயங்களே தேவைப்படும். அவற்றில் பல வெளிநாட்டுப் பதிப்புகள். அத்தனையையும் விலை கொடுத்து வாங்குவதென்பது நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டாதது. நூலகத்தில் இருக்கும் ஒன்றிரண்டு பிரதிகளுக்கோ ஒரு வகுப்பே காத்திருக்க வேண்டும். எனவே தேவையான அத்தியாயங்களை மட்டும் நகலெடுத்து ஒரே கட்டாகத் தைத்துத் தரும் வழக்கம் ஏற்பட்டது. "கோர்ஸ் பேக்" என்று மாணவர்கள் குறிப்பிடும் பாடத் தொகுப்பு இதுதான்.

60 லட்சம் கேட்ட வழக்கு

இந்த வழக்கம் 2012 ஆகஸ்ட் மாதத்தில் தில்லி உயர் நீதிமன்றத்தின் படியேறியது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் ஆகியவை சேர்ந்து, தில்லி பொருளாதாரப் பள்ளி வளாகத்தில் இயங்கிய ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தன. கோரப்பட்ட இழப்பீடு 60 லட்சம் ரூபாய். பக்கத்துக்கு 40 பைசா வாங்குவதற்குப் பல்கலைக்கழகம் அனுமதித்திருந்த கடை அது. இடத்துக்கு ஈடாக மாதந்தோறும் குறிப்பிட்ட அளவு நகல்களைப் பல்கலைக்கழகத்துக்கு இலவசமாக எடுத்துக் கொடுத்து வந்தது.

2012 அக்டோபரில் இடைக்காலத் தடை விதிக்கப்பட்டது. தொகுப்புகள் கடையிலிருந்து மறைந்தன. மாணவர்கள் சங்கமாகத் திரண்டு தங்களையும் வழக்கில் சேர்த்துக்கொள்ளச் செய்தனர். கல்வி அணுகலுக்காகப் பாடுபட்ட மற்றோர் அமைப்பும் இணைந்தது. ஒருகாலத்தில் அதே பொருளாதாரப் பள்ளியில் பேராசிரியராக இருந்த அமர்த்திய சென், வழக்கைக் கைவிடுமாறு பதிப்பகத்துக்கு எழுதினார். 2013-ல் 300-க்கும் மேற்பட்ட கல்வியாளர்கள் பகிரங்கக் கடிதம் வெளியிட்டனர். யாருடைய நலனுக்காக வழக்கு என்று சொல்லப்பட்டதோ, அந்த நூலாசிரியர்கள் சிலரே கையெழுத்திட்டவர்களில் இருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

பதிப்பகங்களின் வாதத்திலும் பொருள் இல்லாமல் இல்லை. மாணவன் தானே ஒரு பக்கத்தை நகலெடுப்பது வேறு, கடைக்காரர் தொகுத்து லாபத்துக்கு விற்பது வேறு என்றன அவை. நூலாசிரியர்களின் சார்பில் உரிமக் கட்டணம் வசூலிக்கும் அமைப்பு இருக்கிறது, பல்கலைக்கழகம் அதனிடம் உரிமம் பெறலாமே என்பது அவற்றின் கேள்வி. அமெரிக்காவில் 1991-ல் கின்கோஸ் நகலகத்துக்கு எதிராக இதே போன்ற வழக்கில் பதிப்பாளர்களே வென்றனர்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆனால் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, வேறு விதமாக எழுதப்பட்டது. "பயிற்றுவிக்கும்போது" ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகலெடுப்பது பதிப்புரிமை மீறலாகாது என்கிறது அதன் 52-வது பிரிவு. இத்தனை பக்கம், இத்தனை சதவீதம் என்ற வரம்பு அந்தப் பிரிவில் இல்லை.

2016 செப்டம்பர் 16-ம் தேதி நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். பதிப்புரிமை இயற்கையாய் வாய்த்த உரிமையல்ல, சட்டம் கொடுத்தது. ஆகவே சட்டம் வகுத்த விதிவிலக்குக்கு அது கட்டுப்பட்டது என்பது அவர் தீர்ப்பின் சாரம். நூலகத்தில் அமர்ந்து கையால் எழுதிக்கொள்வது குற்றமில்லை என்றால், இயந்திரம் வந்துவிட்டதால் மட்டும் அது குற்றமாகிவிடாது என்றும் அவர் கருதினார்.

மேல்முறையீட்டில் 2016 டிசம்பர் 9-ம் தேதி நீதிபதிகள் பிரதீப் நந்திரஜோக், யோகேஷ் கன்னா ஆகியோர் அடங்கிய டிவிஷன் பெஞ்ச் தீர்ப்பளித்தது. பயிற்றுவித்தல் என்பது வகுப்பறையின் நான்கு சுவர்களுக்குள் அடங்காது. கற்பிப்பதற்குத் தேவையான அளவா என்பதே அளவுகோல் என்று அது கூறியது. தடை கோரியதும் ஏற்கப்படவில்லை. அதே சமயம் இரண்டு கேள்விகளை விசாரணைக்கு அனுப்பியது. தொகுப்பில் சேர்க்கப்பட்ட பகுதிகள் உண்மையிலேயே கற்பிப்பதற்குத் தேவையானவையா? முழுப் புத்தகத்தையும் நகலெடுப்பது செல்லுமா?

அந்த விசாரணை நடக்கவேயில்லை. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. உரிம அமைப்பின் மேல்முறையீட்டை அதே ஆண்டு மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. வெற்றி மாணவர்களுக்கே. ஆயினும் அது தில்லி உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு. பிற மாநில உயர் நீதிமன்றங்கள் அதை மேற்கோள் காட்டலாம், அதற்குக் கட்டுப்பட்டவை அல்ல.

எல்லா "நோட்ஸ்"களும் ஒன்றல்ல

இந்தத் தீர்ப்பு காப்பது ஆசிரியரும் மாணவரும் கல்விக்காகத் தயாரிக்கும் தொகுப்பைத்தான். முகர்ஜி நகரிலும் பழைய ராஜிந்தர் நகரிலும் குடிமைப் பணித் தேர்வுக்குப் பயிலும் மாணவர்களை நம்பி நடக்கும் வணிகம் வேறு. பயிற்சி நிலையங்கள் அச்சிட்ட குறிப்புகளை அப்படியே நகலெடுத்து, கேட்பவருக்கெல்லாம் விற்கும் கடைக்காரர், 52-வது பிரிவைத் தனக்குக் கேடயமாக எளிதில் கொள்ள முடியாது.

வட இந்தியாவில் "குஞ்சி", அதாவது சாவி, எனப்படும் வழிகாட்டி நூல்களின் கதை இன்னொன்று. பாட நூலின் கணக்குகளுக்கு விடை எழுதி வெளியிட்ட ஒரு பதிப்பாளர் மீது ஆக்ஸ்ஃபோர்டு தொடுத்த வழக்கை 2008-ல் தில்லி உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. கணக்கைச் செய்து காட்டுவது மூல நூலை நகலெடுப்பதாகாது என்ற அடிப்படையிலேயே அது முடிவானது. இவ்வகை வழக்குகளுக்கு முன்னோடி சென்னையில்தான் நடந்தது. இ.எம். ஃபார்ஸ்டரின் "எ பாசேஜ் டு இந்தியா" நாவலுக்கு மாணவர்களுக்காக எழுதப்பட்ட வழிகாட்டி நூல் பதிப்புரிமையை மீறியது என்ற வாதத்தை 1964-லேயே சென்னை உயர் நீதிமன்றம் நிராகரித்தது.

எஞ்சியிருக்கும் கேள்வி

அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்த "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டம் 3 ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் செலவில் சுமார் 13,000 ஆய்விதழ்களை அரசுக் கல்வி நிலையங்களின் 1.8 கோடி மாணவர்களுக்குத் திறந்துவிடும் என்று அறிவிக்கப்பட்டது. ஆய்வு மாணவர்களுக்கு இது பெரும் உதவி. ஆனால் அது ஆய்விதழ்களுக்கான திட்டம். இளநிலை வகுப்பு மாணவனுக்கு வேண்டிய நூலின் அத்தியாயங்கள் அதில் வாரா. தனியார் கல்லூரிகளும் முதல் கட்டத்தில் சேர்க்கப்படவில்லை.

மொழியின் தடையோ நகல் இயந்திரத்தால் நீங்காதது. பல்கலைக்கழகத்தின் பட்டியலில் உள்ள வாசிப்புகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்க, ஹிந்தி வழியில் பள்ளிக் கல்வி முடித்து வருபவருக்குக் கையில் கிடைப்பது குஞ்சிதான். அறிவுத் துறை நூல்களைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பெயர்க்கவே 2008-ல் தேசிய மொழிபெயர்ப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் வேகம் பாடத்திட்டங்கள் மாறும் வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும்.

பாடத் தொகுப்பைத் தயாரிக்கும் பொறுப்பை ஜெராக்ஸ் கடையிடம் விட்டுவிடாமல் பல்கலைக்கழகங்களே ஏற்கலாம். எந்த அத்தியாயம், எந்தத் தாளுக்கு, எதற்காக என்ற குறிப்போடு ஆசிரியர்கள் பட்டியலிட்டால், டிவிஷன் பெஞ்ச் எழுப்பிய முதல் கேள்விக்கு எழுத்திலேயே பதில் இருக்கும். முழு நூல் பற்றிய இரண்டாவது கேள்விக்கு நீதிமன்றமோ நாடாளுமன்றமோதான் விடை கூற வேண்டும். அதுவரை, வேறொரு மாநிலத்தில் வேறொரு ஜெராக்ஸ் கடை மீது வழக்கு வந்தால், தில்லி மாணவர்கள் ஐந்து ஆண்டுகள் நடத்திய போராட்டத்தை அங்குள்ளவர்கள் முதலிலிருந்தே நடத்த நேரிடும்.