மென்பொருள் பொறியியல் பயிலுதல்: நூலும் காணொளியும்

நம் ஊராட்சிகளில் படித்த இளைஞர் பலர் இன்று மென்பொருள் தொழிலை நாடுகின்றனர். இத்தொழிலை நூல்களைக் கொண்டு பயில்வதா, இணையத்தில் கிடைக்கும் காணொளிகளைக் கொண்டு பயில்வதா என்பது பெற்றோர் பலருக்கும் எழும் ஐயம். பணமும் காலமும் செலவாகும் காரியமாதலின், இதனைச் சிறிது ஆராய்வோம்.

மென்பொருள் பொறியியல் என்பது கணினிக்குக் கட்டளை எழுதுவது மட்டும் அன்று. தேவையை அறிதல், திட்டமிடல், பலர் கூடி எழுதுதல், சோதித்தல், பல்லாண்டு பேணுதல் ஆகிய யாவும் அதில் அடங்கும். 1968-ஆம் ஆண்டு ஜெர்மனியிலுள்ள கார்மிஷில் நடைபெற்ற மாநாட்டிற்குப் பின்னரே இப்பெயர் பரவலாயிற்று.

நூலின் சிறப்பு யாது? காரண காரியத்தைப் படிப்படியாக உணர்த்துவதே. ஐ.பி.எம். நிறுவனத்தில் பெரியதொரு மென்பொருள் வேலையை நடத்திய பிரெட் புரூக்ஸ், 1975-இல் ஒரு நூல் வெளியிட்டார். காலம் தாழ்ந்த வேலையில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாழும் என்றார் அவர். நடவுக்கு ஆள் கூடினால் வேலை விரைவில் முடியும். மென்பொருள் வேலையிலோ ஒருவர் செய்வதை மற்றவர் அறிந்திருத்தல் வேண்டும். மூவர் இருப்பின் தொடர்புகள் 3. பதின்மர் இருப்பின் 45. புதியவருக்குக் கற்பிப்பதில் பழையவரின் நேரமும் செலவாகும். இவ்வுண்மை இன்றும் பழுதுபடவில்லை.

காணொளியின் சிறப்பு வேறு. ஒரு கருவியைக் கணினியில் நிறுவுவது, பிழையைத் தேடிக் களைவது போன்ற செய்முறைகளைக் கண்முன் காட்டும். தமிழிலும் விளக்கங்கள் கிடைக்கின்றன. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் இந்திய அறிவியல் கழகமும் 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தின் பாடங்களை எவரும் கட்டணமின்றிக் காணலாம். தேர்வெழுதிச் சான்று பெறுவதற்கே கட்டணம் உண்டு.

எனினும் இரு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, பிறர் உழுவதைக் கரையிலிருந்து பார்த்தவன் உழவன் ஆகான். காணும்போது யாவும் விளங்கியதுபோல் தோன்றும். தானே எழுத முற்படும்போதுதான் குறை தெரியும். இரண்டாவது, கருவிகள் மாறிக்கொண்டே இருக்கும். பைத்தான் மொழியின் இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி முதல் நாளோடு நின்றுவிட்டது. அதற்கெனச் செய்த பழைய பாடத்தைப் பின்பற்றி எழுதுவது இன்றைய பதிப்பில் பல இடங்களில் ஓடாது. ஆகவே, நூலாயினும் காணொளியாயினும் வெளியான ஆண்டைப் பார்த்த பின்னரே தொடங்குதல் வேண்டும்.

நாம் கூறும் முறை இதுவே: செய்முறைக்குக் காணொளியும், அடிப்படைக்கு நூலும் கொள்க. அரைமணி நேரம் கண்டால், அதனை மூடிவிட்டு, நினைவிலிருந்து ஒருமணி நேரம் எழுதிப் பார்க்கவேண்டும். பின்னர் அதே பொருள்பற்றிய அத்தியாயத்தைப் படிக்கவேண்டும். பத்து வீடுகளைக் கற்பனையாகக் கொண்டு வீட்டுவரிப் பதிவேடு ஒன்றை மென்பொருளாக ஆக்கிப் பார்ப்பது நல்ல பயிற்சி. ஒருவர் இருமுறை வரி செலுத்தினால் என்னவாகும்? தொகையை எழுதாமல் விட்டால் என்னவாகும்? இவற்றைச் சோதிக்கத் தொடங்கும் இடத்தில்தான் பொறியியல் தொடங்குகிறது.

இளைஞர் எல்லாரிடமும் சொந்தக் கணினி இராது. கைப்பேசியில் பாடம் காணலாமேயன்றி, நீண்ட பயிற்சிக்கு அது போதாது. எனவே, ஊர் நூலகத்தில் ஒரு கணினியும், இணைய வசதியும், தேர்ந்தெடுத்த சில நூல்களும் மாலை வேளையில் கிடைக்குமாறு செய்வதை உறுப்பினர்கள் தம் கடமையாகக் கொள்வாராக. பெருங்கட்டணம் செலுத்தப் பெற்றோர் கடன்படுமுன், பிள்ளையின் ஆர்வமும் உழைப்பும் அங்கேயே தெரிந்துவிடும்.