கட்டிட மாதிரியில் ரெஃபரன்ஸ் பிளேனும் காட்சிகளும்

கட்டிட மாதிரி அமைக்கும் ரெவிட் மென்பொருளில் பிளானைத் திறந்து ஒரு ரெஃபரன்ஸ் பிளேன் போட்டால், திரையில் விட்டுவிட்டு ஓடும் பச்சைக் கோடு ஒன்று தோன்றும். உண்மையில் அங்கே உருவாகியிருப்பது நெட்டுக்குத்தாக நிற்கும் தளம். மேலிருந்து பார்ப்பதால் விளிம்பு மட்டும் கோடாகத் தெரிகிறது. அந்தத் தளத்துக்குக் குறுக்கே அமைந்த செக்ஷன் என்னும் வெட்டுக் காட்சியைத் திறந்தால், அதே தளம் மேலும் கீழுமாக ஓடும் கோடாக நிற்கும். தளத்துக்கு நேர் எதிரே நின்று பார்க்கும் எலிவேஷனில் தென்படாது. புதிதாகப் பழகுவோர் இதைக் கோடாகவே எண்ணிக்கொள்வதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

இந்தத் தளம் வழக்கமாக அச்சில் வராது, சிமென்ட் கணக்கிலும் சேராது. மற்றவை பற்றிக்கொண்டு நிற்பதற்காகவே இது இருக்கிறது. சன்னலொன்றை மாதிரியாகச் செய்யும்போது நடுவில் ஒரு தளம், இடமும் வலமும் ஒவ்வொன்று என வைத்து, நடுத்தளத்திலிருந்து இரு பக்கமும் சம தூரம் என்று பூட்டிவிடுவார்கள். சட்டங்கள் அந்தப் பக்கத் தளங்களில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அகலத்தை 900 மி.மீ.யிலிருந்து 1200 ஆக்கினால் இரு பக்கமும் 150 மி.மீ. நகரும், சன்னலின் மையம் அசையாது. சாய்வுக் கூரைக்கு எலிவேஷனில் சாய்வாக ஒரு தளம் போட்டுப் பெயரிட்டால், அதையே வேலைத்தளமாக வைத்து வரையலாம்.

மாடி உயரங்களைக் குறிக்கும் லெவலும், தூண் வரிசையைக் குறிக்கும் கிரிட்டும் இதே இனம்தான். மேலே ஒரு மாடி கூட்டும்போது கிரிட்டின் உயரம் அந்த லெவலைத் தொடாவிட்டால், புதிய பிளானில் கிரிட் காணாமல் போகும். எலிவேஷனில் அதை மேலே இழுத்துவிட்டால் வந்துவிடும்.

இந்தக் காட்சிகளுக்கு அடிப்படையான, ஒன்றுக்கொன்று செங்குத்தான தளங்களில் பொருளின் தோற்றத்தை வீழ்த்தும் முறையை 18ஆம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்தியவர் பிரான்ஸின் காஸ்பர் மோஞ்சு. கோட்டை கட்டும் கணக்குக்குப் பயன்பட்டதால் அது சில காலம் ராணுவ ரகசியமாகவே இருந்தது. அதன்பின் வெகுகாலம் வரைவாளர்கள் ஒவ்வொரு தோற்றத்தையும் தனித்தனியாகத்தான் வரைந்தார்கள். 2000இல் வெளிவந்து, 2002இல் ஆட்டோடெஸ்க் கைக்குப் போன ரெவிட்டில் மாதிரி ஒன்றே ஒன்று. பிளான், எலிவேஷன், செக்ஷன் எல்லாம் அதிலிருந்து கணக்கிட்டுக் காட்டப்படுபவை.

பிளானும் ஒரு கிடைமட்ட வெட்டுதான். மெட்ரிக் அளவில் வழக்கமாக அந்த வெட்டு லெவலிலிருந்து 1200 மி.மீ. உயரத்தில் விழும். குளியலறை வென்டிலேட்டரோ அடிமட்டமே 1800 மி.மீ. உயரத்தில் இருக்கும். வெட்டு அதற்குக் கீழே போய்விடுவதால் அதன் வெட்டுத் தோற்றம் பிளானில் வராது. வெட்டை மொத்தமாக 2200க்கு ஏற்றினால் வென்டிலேட்டர் கிடைக்கும், ஆனால் 2100 மி.மீ. கதவுகள் லிண்டலுக்கு மேலுள்ள சுவருக்கு அடியில் மறைந்துபோகும். அதனால் அந்த மூலையை மட்டும் ‘பிளான் ரீஜியன்’ என்று வளைத்து, அங்கே மட்டும் வெட்டை உயர்த்துகிறார்கள்.

ஒரே மாதிரி என்பதால் கவனம் தேவைப்படும் இடமும் உண்டு. ஒரு காட்சியில் இடைஞ்சலாக இருக்கும் சுவரை அழித்தால் எல்லாக் காட்சியிலும் போய்விடும். அந்தக் காட்சியில் மட்டும் மறைத்தால் போதும். லெவலை அழித்தால் அதன் பிளானும் அதில் ஊன்றிய சுவர்களும் சேர்ந்தே போகும். அளவுக் குறிப்புகளும் எழுத்துகளும் மட்டும் எழுதிய காட்சிக்கே சொந்தம். பிளானில் எழுதியது செக்ஷனில் வராது, அங்கே தனியாகத்தான் எழுத வேண்டும்.