கேனில் வந்த கடல், வாளியில் பிறக்கும் கடல்

என் முதல் கடல்நீர்த் தொட்டிக்கான தண்ணீர் 1996-ல் பட்டினப்பாக்கத்திலிருந்து வந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு டிவிஎஸ் 50-ல் இரண்டு இருபது லிட்டர் கேன்களைக் கட்டிக்கொண்டு போனேன். அலையோரம் குனிந்து மொள்ளப் போனவனை, கட்டுமரம் தள்ளிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தடுத்தார். "தம்பி, இங்க மொள்ளாத. இதுல பாதி அடையாத்துத் தண்ணி. கேனைக் குடு, உள்ள போய் மொண்டாரேன்" என்றார். ஒன்பது மணிக்கு அவர் திரும்பியபோது வலையில் பெரிதாக மீன் இல்லை, என் கேன்கள் மட்டும் நிறைந்திருந்தன. காசு நீட்டினேன். "கடத் தண்ணிக்கா காசு? போப்பா" என்று கையைத் தள்ளிவிட்டார்.

அந்தத் தண்ணீரில் விட்ட கோமாளி மீன் ஜோடி பத்தொன்பது நாள் உயிரோடிருந்தது.

கலர் மீன் கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "கடல் மீன்னா அப்படித்தான் சார். மாசத்துக்கு ஒரு தடவை மாத்திக்கணும்." பூஜை அறையில் வாடிய பூவை மாற்றுவதுபோலச் சொன்னார். நானும் அதை ஏற்றுக்கொண்டு இன்னொரு ஜோடி வாங்கி வந்தேன். அன்றைய தொட்டிகளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் என்னை உறுத்துவது அந்த ஏற்றுக்கொள்ளல்தான். மீன் சாவதை யாரும் தவறாகவே நினைக்கவில்லை, அதனால் ஏன் செத்தது என்று யாரும் கேட்கவும் இல்லை.

தொட்டி எப்படி இருந்தது? ஒன்றரை அடிக் கண்ணாடி. அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதன் மேல் உடைத்த பவளச் சரளை, மூலையில் குமிழி விடும் ஏர் மோட்டார். மேலே ஒரு டியூப்லைட். பின்னால் நீலக் கடல் படம் போட்ட தாள். நட்டநடுவில் ராமேஸ்வரத்துக் கடைத்தெருவில் வாங்கிய ஒரு பெரிய பவளம், பஞ்சுபோல் வெள்ளை வெளேரென்று. பவளம் என்றாலே வெள்ளை என்றுதான் அன்று நினைத்திருந்தேன். உயிருள்ள பவளம் பெரும்பாலும் பழுப்பாக, பச்சையாக, மங்கிய மஞ்சளாக இருக்கும். அந்த நிறம் அதன் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசியுடையது. பகல் வெளிச்சத்தில் பாசி சமைக்கிறது, பவளம் சாப்பிடுகிறது. நான் காசு கொடுத்து வாங்கி நடுவீட்டில் வைத்திருந்தது எலும்பு.

அந்த எலும்பு எங்கிருந்து வந்தது என்பதை வெகுகாலம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் 21 தீவுகள். 1986-ல் தேசியப் பூங்காவாகவும் 1989-ல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அவை அறிவிக்கப்பட்டன. ஆனாலும் சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைகளுக்கும் முருகைக்கல், அதாவது பவளக்கல், வெட்டுவது தொடர்ந்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் அமிழ்ந்தே போயின. ஒரு தீவுக்கு அலையைத் தாங்கும் மதில் அதைச் சுற்றியுள்ள பவளப்பார்தான். மதிலை இடித்தால் வீடு நிற்குமா?

மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் கடையில் ஒரு நீல மருந்து கொடுப்பார்கள். அதன் சரக்கு மயில்துத்தம், அதாவது செம்பு. புள்ளி போகும். கூடவே தொட்டியிலிருந்த இறால், நத்தை, கடற்பூ எல்லாம் போய்விடும். செம்பு கல்லிலும் சரளையிலும் ஏறி உட்கார்ந்துகொண்டு பல மாதம் கசியும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இத்தனைக்கும் சென்னைக்குக் கடல்மீன் வளர்ப்பு புதிதல்ல. மெரினாவில் 1909-லேயே கடல்மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டனின் முயற்சி அது. கடலை ஒட்டியே இருந்ததால் அவர்களுக்குத் தண்ணீர்க் கவலை இல்லை. இரண்டாம் உலகப் போர்ச் சமயத்தில் மூடிவிட்டார்கள். வீட்டுத் தொட்டிக்கான வழியும் எங்கோ கிடந்தது. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் 1961-லேயே எழுதிவிட்டார்: நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடற்கல்லைத் தொட்டியில் வையுங்கள், மெல்லக் காற்று விடுங்கள், வேறு வடிகட்டியே வேண்டாம், தண்ணீரைச் சுத்தம் செய்யும் வேலையைக் கல் பார்த்துக்கொள்ளும். அந்தக் கட்டுரை அச்சாகி முப்பத்தைந்து வருடம் கழித்தும் அதன் சேதி என் தெருவுக்கு வந்து சேரவில்லை.

இன்று என் வீட்டுக் கூடத்தில் இருப்பது இரண்டடித் தொட்டி, 60 லிட்டர். அதில் ஒரு சொட்டுக்கூடக் கடலிலிருந்து வந்ததில்லை.

சனிக்கிழமை இரவுகளில் ஒரு வெள்ளை வாளியில் ஆர்.ஓ. தண்ணீர் பிடிப்பேன். சென்னை போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் பவளத்துக்கு ஆகாது. ஆர்.ஓ.வுக்குப் பின் ஒரு ரெசின் குழாய் வழியாகவும் செலுத்தி, மீட்டரில் பூஜ்யம் காட்டிய பிறகே எடுப்பேன். ஆர்.ஓ. ஒதுக்கித் தள்ளும் நீர் வீடு துடைக்கப் போகும். இருபது லிட்டருக்குச் சுமார் 700 கிராம் செயற்கைக் கடலுப்பு. கொட்டியவுடன் வாளி மோர்போல வெளுக்கும். உள்ளே சின்ன மோட்டாரை விட்டுவிட்டுப் படுத்தால், காலையில் அடித்தரை தெரியும் அளவுக்குத் தெளிந்திருக்கும். ஒரு சொட்டை எடுத்து ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பேன். மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் சந்திக்கும் கோடு 35-ல் நிற்க வேண்டும், அதாவது ஆயிரத்துக்கு முப்பத்தைந்து பங்கு உப்பு. நின்றால் வாளியில் கடல் பிறந்துவிட்டது என்று அர்த்தம்.

"தூத்துக்குடி உப்பைப் போட்டால் என்ன, அதுவும் கடலிலிருந்துதானே வருகிறது?" என்று பலரும் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. பாத்தியில் கடல்நீர் வற்றும்போது சுண்ணாம்புச் சத்து முதலில் படிந்துவிடும், பிறகுதான் உப்பு விளையும். மெக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். சமையலுக்கு அது நல்லது. பவளத்துக்கோ எலும்பு கட்டச் சுண்ணாம்பும், அந்தச் சுண்ணாம்பு கண்டபடி படிந்துவிடாமல் நீரில் கரைந்தே நிற்க மெக்னீசியமும் வேண்டும். அதனால்தான் கடலின் கணக்குப்படி கலந்த தனி உப்பு. 1960-களில் அமெரிக்காவில் கடைக்கு வந்தது, எங்கள் ஊரில் சாதாரண ஆளுக்குக் கிடைக்க வெகுகாலம் ஆயிற்று.

உப்பைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. அன்று தண்ணீர் ஊற்றிய அன்றைக்கே மீன் விட்டோம். இன்று மீன் விட ஒன்றரை மாதம் காத்திருக்கிறோம். இந்தத் தொட்டியை அமைத்த நாளில், சமைக்காத இறால் ஒன்றை உரித்து உள்ளே போட்டேன். "என்னடா இது, கொழம்புக்கு வாங்கின எறாலத் தொட்டியில போட்டு அழுக வுடுற?" என்று அம்மா கோபித்துக்கொண்டார். அழுகத்தான் வேண்டும். அழுகினால் அம்மோனியா வரும். அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாக்கும் நுண்ணுயிர்கள் கல்லில் குடியேறும். நைட்ரைட்டைத் தின்று, அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக்கும் இன்னொரு கூட்டம் அதன் பின்னால் வரும். தினமும் கண்ணாடிக் குப்பியில் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்த்தேன். அம்மோனியாக் குப்பி நான்காவது வாரம்தான் பச்சையிலிருந்து மஞ்சளுக்குத் திரும்பியது, நைட்ரைட் அடங்க இன்னும் இரண்டு வாரம். 1996-ல் என் மீன்களைக் கொன்றது பட்டினப்பாக்கத்துத் தண்ணீர் அல்ல, அந்தப் பெரியவர் நல்ல தண்ணீர்தான் கொண்டுவந்து கொடுத்தார். அந்த ஆறு வாரத்தை நான் கொடுக்கவில்லை.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டியூப்லைட் போய் நீல எல்இடி வந்திருக்கிறது, ஏனென்றால் கடலாழத்துக்கு இறங்குவது நீல ஒளிதான். அழுக்கை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மர் வந்திருக்கிறது. கரையில் அலை ஒதுக்கும் நுரையைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலையை ஒரு குழாய்க்குள் செய்கிறது. சிறிய தொட்டியில் வாரம் ஆறேழு லிட்டர் மாற்றிவந்தால் அதுகூட இல்லாமல் சமாளிக்கலாம்.

சூடுதான் எங்கள் ஊரின் உண்மையான சோதனை. குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய புத்தகங்கள் ஹீட்டர் வாங்கச் சொல்கின்றன. மே மாதச் சென்னையில் கூடமே 33 டிகிரி. தொட்டி 30-ஐத் தாண்டிச் சில நாள் நின்றால் பவளம் தன் பாசியைத் துப்பிவிட்டு வெளுத்துப்போகும். சில்லர் வாங்கலாம், ஆனால் அது தொட்டியைவிட விலை. நான் நீர்ப்பரப்பின் மேல் இரண்டு சின்ன மின்விசிறிகளை வைத்திருக்கிறேன். மண்பானை தத்துவம்தான்: ஆவியாகும் நீர் சூட்டைக் கொண்டுபோகும், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். பதிலுக்கு ஒரு நாளில் ஒரு லிட்டருக்கு மேல் வற்றும். வற்றுவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். எனவே தினமும் ஊற்ற வேண்டியது உப்பில்லாத் தண்ணீர். இதைப் புரிந்துகொள்ளாமல் உப்புநீரையே ஊற்றி ஊற்றி மொத்தத் தொட்டியையும் இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

இதே வெளுப்புதான் கடலிலும் நடக்கிறது. மன்னார் வளைகுடா 1998, 2010, 2016 ஆண்டுகளில் பெருமளவில் வெளுத்தது. என் தொட்டிக்கு விசிறி உண்டு, கடலுக்கு வைக்க விசிறி இல்லை. ஏப்ரல் மாதம் வெப்பமானி 29-ஐத் தொடும்போதெல்லாம் எனக்குப் பாம்பன் பக்கத்துப் பவளப்பார்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் அடித்தது. எங்கள் பகுதியில் மூன்று நாள் கரண்ட் இல்லை. மோட்டார் நின்றால் ஆக்சிஜன் இல்லை. அம்மாவும் நானும் மாறி மாறி உட்கார்ந்து, சொம்பால் தொட்டி நீரை மொண்டு உயரத்திலிருந்து ஆற்றி ஊற்றினோம், காப்பி ஆற்றுவதுபோல. இறாலுக்குக் கோபித்த அதே அம்மா இரவு இரண்டு மணிக்கு என்னை அங்கிருந்து எழுப்பிவிட்டு, "நீ தூங்குடா, நான் ஊத்தறேன்" என்றார். மீன்கள் பிழைத்தன. அதன்பின் பேட்டரியில் ஓடும் ஏர் மோட்டார் இல்லாமல் நான் இருந்ததில்லை.

அந்தக் கோமாளி மீன்கள் பொரிப்பகத்தில் பிறந்தவை, கடலையே பார்க்காதவை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் 2000-களின் தொடக்கத்திலேயே மன்னார் வளைகுடாவின் கோமாளி மீனைத் தொட்டியில் முட்டையிட வைத்து, குஞ்சுகளை வளர்த்துக் காட்டிவிட்டார்கள். சிக்கல் முட்டையில் இல்லை, குஞ்சின் வாயில் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ரோட்டிஃபர் என்ற உயிரியைத்தான் அது தின்னும். அந்த ரோட்டிஃபருக்குத் தீனி பாசி. ஆக ஒரு மீனுக்காக முதலில் பாசி வளர்க்க வேண்டும். அந்தப் பொறுமையின் பலன் இன்று எங்கள் கூடம்வரை வந்திருக்கிறது.

என் ஜோடி சென்ற வருடம் தொட்டியின் மூலையில் கவிழ்த்து வைத்த மண்சட்டியின் உட்புறம் முட்டையிட்டது. முதல் நாள் ஆரஞ்சு நிறத் தினை மணிகள் ஒட்டியதுபோல இருந்தது. ஆண் மீன் தின்னக்கூட மனமில்லாமல் துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தது. ஏழாம் நாள் ஒவ்வொரு மணிக்குள்ளும் இரண்டு வெள்ளிப் புள்ளிகள்: கண்கள். எட்டாம் நாள் இரவு விளக்கணைத்த பிறகு பொரிந்தன. என்னிடம் ரோட்டிஃபர் இல்லை, ஒன்றையும் காப்பாற்ற முடியவில்லை. இப்போது பால்கனியில் மூன்று பாட்டில்களில் பச்சைப் பாசி வளர்ந்துகொண்டிருக்கிறது.

தொட்டி வைக்க நினைப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். கல் பவளங்கள், கடல் விசிறிகள், கடல் குதிரைகள் எல்லாம் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன, புலிக்கும் யானைக்கும் இருந்த அதே காப்பு. கரையில் ஒதுங்கிய செத்த பவளத்தையும் எடுக்காதீர்கள். கடற்கல்லுக்குப் பதில் வைக்கச் சுட்ட களிமண் கற்கள் கிடைக்கின்றன. என் தொட்டியில் இருப்பவை, இன்னொருவர் தொட்டியில் வளர்ந்து வெட்டிக் கொடுக்கப்பட்ட எலும்பில்லாத மென்பவளங்கள் மட்டுமே. எதை வாங்கினாலும் முன்கூட்டியே வனத்துறையில் விசாரித்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போனால், விலை கேட்பதற்கு முன் ஒன்று கேளுங்கள்: "அண்ணே, இது பொரிப்பகத்து மீனா, கடல்ல பிடிச்சதா?" அவர் பதில் சொல்லத் தயங்கினால் வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.