பதினொரு குரல், ஒரு பாட்டு

லண்டன் மாநகரின் பார்லிமெண்டு மண்டபத்தையும் அரண்மனையையும் படத்திலே பார்த்து வியந்த நேயர்கள், அந்நகரத்தின் கீழ்க்கோடியில் அடுக்கடுக்காய் நிற்கும் ஏழைக் குடியிருப்புகளைக் கண்டிருக்க மாட்டார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கேதான் ஒரு புதிய சங்கீதம் பிறந்தது. அதன் பெயர் 'கிரைம்'. அழுக்கு என்பது பொருள். குற்றம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லையும் தமிழில் இப்படியேதான் எழுத வேண்டியிருக்கிறது. என்ன செய்வது? அந்நகரத்துப் போலீசாரும் இரண்டுக்கும் அதிக வித்தியாசம் கண்டதாகத் தெரியவில்லை!

இது பாடுவதுமன்று, பேசுவதுமன்று. தாளத்துக்குள் சொற்களை அடுக்கிப் பொழிவது. கொன்னக்கோல் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்த வேகம் எளிதில் விளங்கும். நிமிஷத்துக்குச் சுமார் 140 தட்டுகள்! அனுமதியின்றி நடந்த திருட்டு வானொலி நிலையங்களில் இளைஞர்கள் ஒலிவாங்கியைக் கைக்குக் கை மாற்றி இதைப் பயின்றார்கள்.

அவர்களில் ஒருவர் லீதல் பிஸில். கானா நாட்டு வமிசத்தவர். வால்தம்ஸ்டோ பகுதியில் வளர்ந்தவர். அவருடைய கோஷ்டி 2002-ல் வெளியிட்ட ஒரு பாட்டு விற்பனையில் முதற் பத்து இடங்களுக்குள் வந்தது. அடுத்து வந்த இசைத்தொகுப்போ விலை போகவில்லை, கம்பெனியார் கைவிட்டனர். இருபது வயதிலேயே எல்லாம் முடிந்ததென்று பலர் எண்ணியிருக்கலாம். அவர் எண்ணவில்லை.

டெக்ஸ்பிளிசிட் என்பவர் அமைத்த முரட்டு மெட்டு ஒன்றை எடுத்துக்கொண்டார். தாம் மட்டும் பாடிப் புகழடைய முயலாமல், டி டபிள் ஈ, ஃப்ளோடன், ஜமகாபி முதலிய பத்துப் பேரைச் சேர்த்துக் கொண்டார். ஒவ்வொருவருக்கும் சில அடிகளே பங்கு. அதற்குள் தம் திறமையைக் காட்டிவிட்டு அடுத்தவருக்கு வழிவிட வேண்டும். வானொலியில் கைமாறிய ஒலிவாங்கியே இசைத்தட்டில் ஏறியது எனலாம். 'பௌ!' என்ற அந்தப் பாட்டு 2004 டிஸம்பர் இறுதியில் வெளிவந்து, பதினோராவது இடத்தை எட்டியது. 2005-ல் 'மோபோ' பரிசும் பெற்றது.

பாட்டில் வீராப்பும் அடிதடிப் பேச்சும் மிகுதி என்பதை மறைப்பதற்கில்லை. கேட்ட இளைஞர்கள் ஆவேசங்கொண்டு முட்டி மோதினார்கள். நடன விடுதிகள் சில, சொல்லில்லாத வெறும் மெட்டைக்கூட வாசிக்கலாகாதென்று தடுத்தன! சொல்லுக்குப் பயப்படுவதாவது புரிகிறது. தாளத்துக்கு என்ன குற்றம்?

2005-ல் லண்டன் போலீசார் 696-ஆம் எண் பத்திரத்தைக் கொண்டுவந்தனர். எவ்வகைச் சங்கீதம், வருவோர் எந்த இனத்தவர் என்றெல்லாம் அதில் கேள்விகள். பெருங் கண்டனத்துக்குப் பின் இக்கேள்விகள் நீக்கப்பட்டன. பத்திரமே 2017-ல்தான் ஒழிந்தது.

இதற்கிடையே 2010 டிஸம்பரில், கல்லூரிச் சம்பளத்தை ஆண்டுக்கு 9,000 பவுன் வரை உயர்த்தும் திட்டத்தை எதிர்த்து மாணவர்கள் பார்லிமெண்டு வாயிலில் திரண்டனர். போலீசார் வளைத்து நின்ற அக்கூட்டத்தில் முழங்கிய பாட்டுகளில் 'பௌ!'வும் ஒன்று. நடன விடுதி வாசலில் தடுக்கப்பட்ட பாட்டு, ராஜ்ய சபையின் வாசலுக்கே வந்து சேர்ந்தது!

ஏழைப் பிள்ளைகளின் பாட்டு கரடுமுரடாக இருக்கலாம். அதைத் திருத்த விரும்புவோர் முதலில் அவர்களுடைய வாழ்க்கையின் கரடுமுரடைத் திருத்தட்டும். வாயை மூடுவதனால் வயிற்றெரிச்சல் அடங்கியதாகச் சரித்திரம் இல்லை.