வானத்திலிருந்து ஒரு மழைக் கணக்கு

மண்ணூர் என்றால் இப்போது பலருக்கும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளே ஞாபகத்துக்கு வரும். அந்த வட்டாரத்தின் பழைய சொத்தோ ஏரிகள். மண்ணூருக்குக் கிழக்கே இருக்கும் செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. 2015 டிசம்பரில் அங்கே திறந்துவிட்ட ஜலம் அடையாற்றில் பெருகிச் சென்னை வீடுகளுக்குள் புகுந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

அத்தகைய மழை அபூர்வமாக வந்து போவதா, அல்லது இனி அடிக்கடி வரப்போகும் விருந்தாளியா? ஒரு வருஷத்து மழையைக் கொண்டு விடை சொல்ல முடியாது. முப்பது வருஷக் கணக்காவது வேண்டும்.

கணக்கு வைப்பது நமக்குப் புதிதல்ல. நுங்கம்பாக்கத்தில் 1792-லேயே வானாராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. இந்திய வானிலை இலாகா 1875-ல் பிறந்தது. ஆனால் மழைமானி தான் நிற்கும் இடத்து மழையை மட்டுமே சொல்லும். நடுக்கடலில் சூடு ஏறுவதை அதனிடம் கேட்டுப் பயன் என்ன? அதற்குத்தான் செயற்கைக் கோள்கள்.

1979-ல் பாஸ்கராவையும், 1988-ல் ஐ.ஆர்.எஸ்.-1ஏ கோளையும் சோவியத் ராக்கெட்டுகளே சுமந்து சென்றன. 2025 ஜூலை 30-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நிசார் கோளிலோ, அமெரிக்க நாஸாவின் ரேடாரையும் நமது இஸ்ரோவின் ரேடாரையும் சேர்த்து நம் ராக்கெட்டே தூக்கிச் சென்றது. காலம் எப்படி மாறியிருக்கிறது, பாருங்கள்! மேகமும் இருட்டும் ரேடாரின் பார்வையை மறைப்பதில்லை. 12 நாளைக்கு ஒரு முறை அது அதே பாதையில் திரும்பி வரும்.

ஆனால் கோளுக்கும் ஆயுள் உண்டு. பிரான்சுடன் கூடி 2011-ல் நாம் அனுப்பிய மேகா-ட்ராபிக்ஸ், மூன்று வருஷத்துக்கென்று போய்ச் சுமார் பத்து வருஷம் உழைத்தது. 2023 மார்ச் 7-ந் தேதி அதைக் கீழிறக்கிப் பசிபிக் கடலின் மேல் எரியவிட்டார்கள். தேசத்தின் திட்டம் சோதிக்கப்படுவது இத்தகைய இடத்தில்தான். பழைய கோள் ஓயுமுன் புதியது மேலே போயிருக்க வேண்டும். இரண்டும் சில காலம் ஒன்றாகப் பார்த்தால்தான் அளவுகளை ஒத்துப் பார்க்கலாம். இல்லாவிட்டால் கடல் சூடேறியதா, கருவி மாறியதா என்றே தெரியாது. படியை மாற்றிவிட்டு நெல் குறைந்ததென்று புலம்புவது போலத்தான். ராக்கெட் ஏறும் நாளில் கைதட்ட எல்லோரும் உண்டு. அடுத்த கோளுக்கு இப்போதே பணம் ஒதுக்குவதில் வேடிக்கை ஒன்றும் இல்லையே!

2012-ல் இஸ்ரோ ஏற்படுத்திய தட்பவெப்ப, சுற்றுச்சூழல் தகவல் அமைப்பு, கோள்கள் தரும் விவரங்களைத் தொகுத்து ஆராய்ச்சியாளருக்கு அளிக்கிறது. அந்த விவரங்களையும் தரையில் எடுத்த அளவோடு ஒப்பிட்ட பின்னரே விஞ்ஞானிகள் நம்புகிறார்கள். ஆகவே ஏரிக்கரையில் நின்று நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளும் மனிதருக்கு, நிசார் வந்த பிறகும் வேலை குறையவில்லை.