தம்புசாமிப் பிள்ளையை எந்த எழுத்தில் தேடுவது?

ரவாங் ஈயச் சுரங்கத்தில் 1894இல் மின்னாக்கியைக் கொண்டுவந்து வைத்தவர்கள் லோக் இயூவும் கே. தம்புசாமிப் பிள்ளையும். மலேசியாவின் மின்சார வரலாறு தங்கள் ஊரில்தான் தொடங்கியது என்பதில் ரவாங்காரர்களுக்குத் தனிப் பெருமை. அந்தப் பிள்ளையை ஒரு பெயர்ப் பட்டியலில் எங்கே தேடுவது? 'த'விலா, 'பி'யிலா, 'கே'யிலா? கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்று கணினி எடுத்துக்கொண்டால், நாட்டிலுள்ள பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள்.

மலேசியத் தமிழ் நூல்களைப் பட்டியலிடுவது புதிய வேலையல்ல. இராம சுப்பையா தொகுத்த 'தமிழ் மலேசியானா'வை மலாயாப் பல்கலைக்கழக நூலகம் 1969இலேயே வெளியிட்டது. மனிதர் அடுக்கும்போது சிக்கலான பெயர் வந்தால் கொஞ்சம் யோசித்து முடிவெடுத்துவிடலாம். கணினிக்கு அந்த யோசனையை முன்கூட்டியே எழுதித் தரவேண்டும்.

இன்று இத்தகைய பட்டியலை எக்ஸ்எம்எல் கோப்பாக வைக்கலாம். ஆசிரியர், தொகுப்பாசிரியர், தலைப்பு, ஆண்டு என்று ஒவ்வொரு தகவலும் தனித்தனிக் குறிச்சொற்களுக்குள் இருக்கும். அதை அடுக்கி, அச்சுக்கோ இணையத்துக்கோ ஏற்றபடி மாற்றித் தரும் மொழி எக்ஸ்எஸ்எல்டி. அதன் முதல் பதிப்பு 1999 நவம்பரில் வந்தது. 'ஆசிரியர் பெயரால் அடுக்கு' என்பதற்கு ஒரே வரி போதும். ஆனால் எல்லா நூலுக்கும் ஆசிரியர் இருப்பதில்லையே! 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' (1997) பலர் எழுதிய கவிதைகளின் தொகுப்பு. முரசு நெடுமாறன் அதன் தொகுப்பாசிரியர். கோயில் மலர், பள்ளி மலர் போன்றவற்றில் பெரும்பாலும் தலைப்பு மட்டுமே இருக்கும். ஆசிரியர் இல்லாத பதிவுகளுக்கு அடுக்க எதுவும் கிடைக்காததால், அவை மொத்தமாகப் பட்டியலின் உச்சியில் ஏறிக்கொள்ளும்.

ஆசிரியர், இல்லையென்றால் தொகுப்பாசிரியர், அவரும் இல்லையென்றால் தலைப்பு என்று சொல்லிவிட்டால்? முதல் பதிப்பில் இதற்குச் சட்டென்று கை போவது செங்குத்துக் கோட்டுக் குறிக்கு. வம்பே அதில்தான். கோட்டால் சேர்த்தவற்றை எக்ஸ்எஸ்எல்டி நாம் சொன்ன வரிசையில் பார்க்காது. கோப்பில் எது முதலில் இருக்கிறதோ அதைத்தான் எடுக்கும். தட்டச்சு செய்தவர் தலைப்பை முதலில் அடித்திருந்தால், ஆசிரியர் இருந்தும் நூல் தலைப்பின்கீழ் போய்விடும். பிழைச் செய்தியும் வராது. 2007இல் வந்த இரண்டாம் பதிப்பில் கோட்டுக்குப் பதில் காற்புள்ளி போட்டு, 'இவற்றில் முதலாவதைக் கொடு' என்று கேட்கலாம். நாம் சொன்ன முன்னுரிமை அப்படியே நிற்கும்.

அடுத்தது பெயர். எழுத்தாளர் 'ரெ. கார்த்திகேசு' என்பதில் கடைசிச் சொல் அவருடைய பெயரே. கடைசிச் சொல்லால் அடுக்கும் மேலைநாட்டு விதி தற்செயலாகப் பொருந்திவிடுகிறது. மலேசிய அடையாள அட்டையில் உள்ளபடி தன் பெயர், 'ஏ/எல்' (இன்னாரின் மகன்), தகப்பனார் பெயர் என்று எழுதினால், மகன் எழுதிய புத்தகம் அப்பா பெயரில் போய்ச் சேரும். புள்ளி வைத்த முதலெழுத்தைத் தள்ளிவிடு என்று விதி எழுதலாம். புள்ளியில்லாத 'இராம'வையும் 'முரசு'வையும் என்ன செய்வது? நிரல் இதை ஊகிக்கவே கூடாது என்பேன். அடுக்குவதற்கென்றே ஒவ்வொரு பதிவிலும் ஓர் உறுப்பை வைத்து, பெயர்களை அறிந்த ஒருவர் அதை நிரப்பட்டும். காற்புள்ளி வரிசையில் அதுவே முதலில் நிற்கட்டும்.

பிறகும் எழுத்துவரிசை பாக்கி. யூனிகோடில் 'ன'வின் எண் 'ப'வுக்கு முந்தியது. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் அன்பழகன் அப்பாதுரைக்கு முன்னால் வருவார். நம் நெடுங்கணக்கில் அவர் இடம் அறிவழகனுக்கும் பின்னால். அடுக்கும் வரியில் மொழி தமிழ் என்று குறித்தால், தமிழ் வரிசை தெரிந்த மென்பொருள் சரியாக அடுக்கும், தெரியாதது கண்டுகொள்ளாது. எந்த மென்பொருள் எந்த ரகம் என்று அறிய இந்த மூன்று பெயர்களை அடுக்கிப் பார்த்தால் போதும்.