கணினி வலையமைப்புத் தேர்வு: மனனம் மட்டும் போதுமா?

"மாமா, இது கூடுமா?"

இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, என் சகோதரியின் மகன் கைப்பேசியை என்னிடம் நீட்டி இவ்வாறு வினவினான். வழக்கமாக இத்தகைய வினாக்கள் உளூவைப் பற்றியோ ஜகாத்தைப் பற்றியோதான் வரும். அன்று திரையில் இருந்தவையோ சில நூறு கேள்விகளும் அவற்றுக்குரிய விடைகளும். சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ. தேர்வில் வரும் கேள்விகள் இவையே எனக் கூறி, அவன் பயிலும் இடத்தில் ஒருவர் விற்றாராம். இளைஞர்களிடையே இதற்கு 'டம்ப்ஸ்' என்று பெயர். இருபது நாட்கள் மனனம் செய்தால் தேர்ச்சி உறுதி என்பது விற்றவரின் வாக்கு.

"ஆகாது" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் அத்தேர்வின் கட்டணத்திற்காக அவனுடைய உம்மா தம் வளையல் ஒன்றை விற்றிருந்ததை நான் அறிவேன். கட்டணம் 300 அமெரிக்க டாலர். வரியையும் சேர்த்தால் நம் பணத்தில் ஏறத்தாழ 30,000 ரூபாய். தவறினால் மறுமுறை எழுத மீண்டும் முழுக் கட்டணம். இந்நிலையில் ஒரு பிள்ளை குறுக்குவழியை நாடினால், அவனை அதட்டுவது எளிது. மாற்று வழியைக் காட்டுவதே கடினம்.

கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறையைக் கற்றுத் தேர்ந்தவர் என்பதற்கான தொடக்கநிலைச் சான்றுகளுள் சி.சி.என்.ஏ. பெயர் பெற்றது. 1998இல் தொடங்கப்பட்டது. அலுவலகம், மருத்துவமனை, வங்கி ஆகிய எங்கும் கம்பிகளையும் கருவிகளையும் இணைத்துப் பழுது நீக்குவோருக்கு இஃது ஒரு நுழைவுச் சீட்டு. வளைகுடா நாடுகளின் வேலை விளம்பரங்களிலும் இப்பெயரைக் காணலாம். நம் வீடுகளில் இதன்மீது எழுந்துள்ள ஆவலுக்கு அதுவே காரணம்.

நான் தயங்கியதைக் கண்ட பையன் தன் வாதத்தை முன்வைத்தான். "பள்ளியில் பழைய வினாத்தாள்களைப் படிக்கச் சொல்லவில்லையா? அதைப் போன்றதுதானே இதுவும்?" என்றான்.

அதைப் போன்றதன்று. பள்ளியின் பழைய வினாத்தாள் அனைவருக்கும் பொதுவானது. இத்தேர்வை எழுதும் ஒவ்வொருவரும், வினாக்களை எவருக்கும் வெளியிடுவதில்லை என்ற உடன்படிக்கைக்கு இசைந்த பின்னரே முதல் வினாவைக் காண்கிறார். அதை மீறி வெளியே கொண்டுவந்தவர் வாக்குறுதியை முறித்தவர். அறிந்தே வாங்குகிறவருக்கும் அதில் பங்குண்டு. முறைகேடு உறுதியானால் சான்றிதழையே நீக்கிவிடும் உரிமையும் நிறுவனத்திற்கு இருக்கிறது.

அவன் அதோடு விட்டானில்லை. "நீங்கள் ஹிஃப்ளு வகுப்பில் பிள்ளைகளைப் பொருள் தெரியாமலே மனனம் செய்ய வைக்கிறீர்களே, மாமா?" என்றான்.

உண்மையைச் சொன்னால் அக்கேள்வி என்னைச் சுட்டது. வீடு வரும்வரை யோசித்தேன். குர்ஆனின் சொற்களே அமானிதம், அவற்றை ஓர் எழுத்தும் பிசகாமல் காப்பதே ஹாஃபிளின் பணி, ஓதுவதே வணக்கம். ஆயினும் ஒருவர் ஹாஃபிளாகிவிட்டார் என்பதற்காக மார்க்கத் தீர்ப்பு வழங்க அவரை நாம் அமர்த்துவதில்லை. அதற்கு வேறு ஆண்டுகள், வேறு நூல்கள், வேறு உழைப்பு. சி.சி.என்.ஏ. சான்றிதழோ, "இவர் பழுதைக் கண்டு நீக்க வல்லவர்" என்று பிறரிடம் கூறும் சாட்சி. மனனத்தை மட்டும் செய்துவிட்டு அந்தச் சாட்சியத்தைப் பெறுவது வேறு சங்கதி.

எங்கள் தெருவிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருந்தது. பெயர் வேண்டா. அந்தப் பிள்ளை இத்தகைய கோப்பை மனனம் செய்து முதல் முயற்சியிலேயே தேறி, விசிட் விசாவில் துபாய் சென்றார். நேர்காணலில் ஒரு வெற்றுத்தாளைக் கொடுத்து, ஒரு முகவரித் தொகுதியை நான்கு பிரிவுகளுக்குப் பங்கிடச் சொன்னார்களாம். பேனாவைத் திறந்தவர் அப்படியே மூடிவிட்டார். விசா முடியும்வரை இன்னும் சில இடங்களில் முயன்றுவிட்டு, வாங்கிய கடனோடு ஊர் திரும்பினார்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவின் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாயும் இருக்கக் கண்டு, விற்பவரைக் கண்டித்த நிகழ்ச்சியை நம் பிள்ளைகள் அனைவரும் கேட்டிருப்பர். நேர்காணலில் கொடுக்கப்படும் வெற்றுத்தாள், குவியலுக்குள் நுழையும் அந்தக் கை. இதைச் சொன்னபோது என் மருமகன் தலை குனிந்துகொண்டான். தெருப் பிள்ளையின் கதையை அவன் என்னைவிட நன்றாக அறிவான்.

சரி, அந்தப் பங்கீடு அத்துணைக் கடினமானதா? மறுநாள் அவனையே விளக்கச் சொன்னேன். பாதி தூரம் வந்ததும் எனக்கு வியப்பு மேலிட்டது. மதரஸாவில் நாங்கள் கற்பிக்கும் ஃபராயிள் என்னும் வாரிசுரிமைக் கணக்கின் சாயல் அதில் இருந்தது.

மனைவி, தாய், தந்தை, ஒரு மகன் ஆகியோரை விட்டு ஒருவர் இறந்தால், சொத்தை 24 பங்காக்கி மனைவிக்கு 3, தாய்க்கு 4, தந்தைக்கு 4, எஞ்சிய 13 மகனுக்கு எனப் பிரிக்கிறோம். பொது எண்ணைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. இனி இதைப் பாருங்கள். ஒரு கல்லூரிக்கு 192.168.10.0/24 என்ற தொகுதி கிடைத்திருக்கிறது. அதில் 256 எண்கள். ஆய்வுக்கூடத்தில் 100 கணினிகள், அலுவலகத்தில் 50, நூலகத்தில் 25. இரு ரூட்டர்களை இணைக்க 2 முகவரிகள் தேவை. இங்கே பங்குகள் 4, 8, 16, 32, 64, 128 என இரட்டிப்பு எண்களாகவே அமையவேண்டும். ஒவ்வொரு பங்கிலும் முதல் எண் அப்பகுதியின் பெயராகவும், கடைசி எண் அனைவருக்கும் அறிவிக்கும் முகவரியாகவும் ஒதுங்கிவிடும். ஆகவே 100 கணினிக்கு 128 எண்கள் (பயன்படுபவை 126), 50க்கு 64 (பயன்படுபவை 62), 25க்கு 32 (பயன்படுபவை 30), இரண்டுக்கு 4. தொடக்கங்கள் முறையே 0, 128, 192, 224. பங்கிட்டது போக 28 எண்கள் எஞ்சும்.

பெரிய பங்கை முதலில் வைக்கவேண்டும் என்பதே இதன் சூட்சுமம். 128 எண் கொண்ட பங்கு 0இலோ 128இலோதான் தொடங்க இயலும். சிறியவற்றை முன்னும் பின்னுமாகச் சிதறவிட்டால் பெரியதற்கு இடமே இல்லாமற் போகலாம். கலைப் பட்டதாரியான எனக்கே ஒரு மாலையில் விளங்கிவிட்டது. நாள்தோறும் ஐந்து கணக்குகள் வீதம் இரண்டு மாதம் போட்டால் எந்தப் பிள்ளைக்கும் கைவந்துவிடும். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி, தம் இயற்கணித நூலில் ஒரு பெரும்பகுதியை வாரிசுரிமைக் கணக்குகளுக்கே ஒதுக்கினார். அவர் பெயரை மேடைகளில் முழங்குவதில் நமக்குக் குறைவில்லை. அந்தப் பெருமை நம் பிள்ளைகளுக்காக ஒரு கணக்கையும் போட்டுத் தராது.

மனனத்திற்கு இடமே இல்லையா என்றால், உண்டு. 2020 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்து 2024இல் திருத்தப்பட்ட பாடத்திட்டத்தில், பாதைகாணும் முறைகளுக்கு 25 விழுக்காடு, அடிப்படைகளுக்கு 20, இணைப்பு முறைகளுக்கு 20, பாதுகாப்புக்கு 15, பிற சேவைகளுக்கும் தானியக்கத்திற்கும் பத்துப் பத்து. இவற்றுள் நாவில் நிற்கவேண்டியவை சில: எஸ்.எஸ்.ஹெச்.சுக்கு வாயில் எண் 22, டி.என்.எஸ்.சுக்கு 53, ஹெச்.டி.டி.பி.எஸ்.சுக்கு 443. பாதைகளின் நம்பகத்தை அளக்கும் எண்களில் நேரடி இணைப்புக்கு 0, கையால் எழுதிய பாதைக்கு 1, ஓ.எஸ்.பி.எஃப்.புக்கு 110. இவற்றை ஹிஃப்ளு மாணவர் பழைய பாடத்தைத் திரும்ப ஓதுவதுபோல் நாளும் ஓதினால் மறக்காது.

மற்றவை கையால் கற்கவேண்டியவை. சிஸ்கோ நிறுவனமே 'பாக்கெட் டிரேஸர்' என்னும் மென்பொருளை இலவசமாக வழங்குகிறது. ரூட்டரையும் ஸ்விட்சையும் திரையிலேயே வைத்து, கம்பி இழுத்து, கட்டளையிட்டுப் பார்க்கலாம். பழைய கணினியே போதும். என் மருமகன் முதல் நாள் இரண்டு மணி நேரம் போராடினான். எல்லாம் சரியாயிருந்தும் செய்தி போகவில்லை. ரூட்டரின் வாயில்கள் தொடக்கத்தில் மூடியே இருக்கும். "நோ ஷட்டவுன்" என்று கட்டளையிட்டால்தான் திறக்கும். அதை அவன் நூலில் படித்துக் கோடும் கிழித்திருந்தான். ஆயினும் அந்த இரண்டு மணி நேரத்திற்குப் பிறகுதான் அது அவனுடையதாயிற்று.

தேர்வு 120 நிமிடங்கள். விடையளித்துக் கடந்த வினாவிற்குத் திரும்பிச் செல்ல இயலாது. தமிழில் இத்தேர்வு இல்லை. தமிழ்வழி பயின்ற பிள்ளைகள் ஆங்கில வினாக்களைப் படித்துப் புரிந்துகொள்ளத் தனியே பழகவேண்டும். கட்டணம் மலைப்பாயிருப்போர், 2023இல் அந்நிறுவனம் தொடங்கிய சி.சி.எஸ்.டி. என்னும் எளிய தேர்வை முதற்படியாகக் கொள்ளலாம். 50 நிமிடம், 125 டாலர். காம்ப்டியா நிறுவனத்தின் நெட்வொர்க் பிளஸ் தேர்வு எந்த ஒரு நிறுவனத்தின் கருவியையும் சாராதது. 90 நிமிடங்களில் அதிகபட்சம் 90 வினாக்கள், 900க்கு 720 பெற்றால் தேர்ச்சி. சி.சி.என்.ஏ.வையும் நெட்வொர்க் பிளஸையும் மூன்றாண்டுகளில் புதுப்பிக்கவேண்டும்.

நம் வீடுகளுக்கென்றே ஓர் எச்சரிக்கை. தேர்வுக்குப் பதியும் பெயரும் அடையாள ஆவணத்தில் உள்ள பெயரும் ஒன்றாயிருக்கவேண்டும். 'முஹம்மது' என்ற ஒரு பெயரை நாம் ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பாஸ்போர்ட்டில் வாப்பாவின் பெயரும் சேர்ந்த மற்றொன்று. பணம் கட்டுமுன் சரிபாருங்கள்.

வீட்டிலிருந்தே எழுதும் வசதியும் உண்டு. வெளியூர் செல்ல இயலாத நம் பெண்பிள்ளைகளுக்கு அது பேருதவி. ஆனால் அறைக்குள் வேறு எவரும் நுழையக்கூடாது. மேசைமீது தாளும் பேனாவும் இருத்தலாகாது. கண்காணிப்பாளர் கேமரா வழியே பார்த்துக்கொண்டிருப்பார். பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீடானால் தேர்வு மையமே மேல். அங்கே எழுதி அழிக்கும் பலகையும் தருவார்கள்.

அந்தக் கோப்பை அவன் அழித்துவிட்டான். அதற்குக் கொடுத்த பணம் போயிற்று. அதை உம்மாவிடம் சொல்லவேண்டாம் என்று என்னைக் கேட்டுக்கொண்டான். தானே சொல்லிவிடு என்றேன். சொல்லிவிட்டான். இப்போது சுபுஹுக்குப் பின் ஒன்றரை மணி நேரம் படிப்பு. இஷாவுக்குப் பின், மதரஸா மாணவர்கள் தமக்குள் செய்யும் தக்ராரைப் போல, அன்றைய பாடத்தை எனக்குத் தமிழில் திரும்பச் சொல்கிறான். ஒன்றும் அறியாத நான் கேள்வி கேட்கிறேன்.

நேற்றைக்கு முந்தைய இரவு கேட்டேன்: "நம் வீட்டு ரூட்டருக்கு 192.168.1.1. அடுத்த வீட்டு ரூட்டருக்கும் அதே எண் என்கிறாய். ஒரே முகவரியில் இரண்டு வீடு இருந்தால் கடிதம் எப்படிச் சேரும்?"

பல ஆங்கிலச் சொற்களைக் கூறினான். எனக்கு விளங்கவில்லை என்றேன். நூலை மூடிவிட்டுப் போனான். மறுநாள் சுபுஹ் முடிந்து பள்ளிப் படியில் இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எல்லா வீட்டிலும் ஒரு பையனைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுகிறார்கள் இல்லையா, மாமா? வீட்டுக்குள் அந்தப் பெயர் போதும். வாசலைத் தாண்டினால் வீட்டுப் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்கள். வாசலில் நிற்கும் ரூட்டர்தான், வெளியே வீட்டுப் பெயரைச் சொல்லி அனுப்பிவிட்டு, பதில் வந்ததும் எந்தத் தம்பிக்கு என்று பார்த்து உள்ளே கொடுக்கிறது."

அவன் சொன்னது முழுதும் சரியா என்று சோதிக்கும் அறிவு எனக்கில்லை. எனக்கு விளங்கிற்று. தேர்வுக்கு இன்னும் ஏழு வாரங்கள் இருக்கின்றன.